பொருத்தனைத் தொகையைக் குறைத்தால் அது அனனியாவின் பாவமாகுமா?

கேள்வி – எளியவன்
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பொய்க் கணக்கு எழுத மறுத்ததால் நான்கு மாதங்களுக்கு முன் என் வேலை போயிற்று. சபையின் கட்டடப் பணிக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பதாக அதற்கு முன்பே பொருத்தனை, அதாவது தேவனுக்கு நேர்ந்துகொண்ட வாக்குறுதி, பண்ணியிருந்தேன். இப்போது அதில் கால் பங்குகூடக் கொடுக்க இயலவில்லை. சென்ற மாதம் காணிக்கை உறையின்மேல் பழைய தொகையையே எழுதி, உள்ளே குறைவாக வைத்து ஒட்டிவிட்டேன். பொருளாளர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் விழுந்து இறந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தை அன்று முதல் நிம்மதியாக வாசிக்க முடியவில்லை. விசுவாசத்தினிமித்தம் பாடுபடுகிறவனுக்கு இதில் சலுகை உண்டா?

பதில் 1 – கடைசி வரிசை
அனனியாவின் நிலம் விற்கப்படும் முன்னும் அவனுடையதே, விற்ற பணமும் அவன் வசத்திலேயே இருந்தது என்று பேதுருவே 5:4-இல் சொல்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அல்ல, மீதியை முழுத்தொகைபோல் அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்ததற்காகவே அவன் கண்டிக்கப்பட்டான். அங்கே 'வஞ்சித்துவைத்து' என்று வரும் கிரேக்க வினைச்சொல்தான், பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், எரிகோவில் விலக்கப்பட்ட பொருளை எடுத்துக்கொண்ட ஆகானின் திருட்டைச் சொல்லும் யோசுவா 7:1-இலும் வருகிறது. ஆகவே தொகை குறைந்ததைப் பற்றிக் கலங்க வேண்டாம். உறையின்மேல் எழுதிய எண்ணைப் பற்றிக் கலங்குங்கள். சப்பீராளிடமாவது பேதுரு, நிலத்தை விற்றது "இவ்வளவுக்குத்தானா" என்று கேட்டார். உங்கள் பொருளாளர் கேட்கவில்லை என்பதால் நீங்களே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் 2 – நேர்வழி
ஒரு திருத்தம். அனனியா பொருத்தனை பண்ணியதாக வேதத்தில் இல்லை, இவரோ பண்ணியிருக்கிறார். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. வருமானம் குறைந்தது என்று அவரவர் தாமே குறைத்துக்கொள்ளத் தொடங்கினால் பொருத்தனைக்குப் பொருளே இராது.

பதில் 3 – கடைசி வரிசை
தாமே குறைத்துக்கொள்ளக் கூடாது என்பது சரி. அதற்கென்றே லேவியராகமம் 27:8-இல் ஒரு வழி இருக்கிறது: பொருத்தனைக்குக் குறித்த மதிப்பின்படி செலுத்த முடியாத தரித்திரன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி மதிப்பிட வேண்டும். வந்து நிற்பதுதான் வெட்கமான பகுதி. அதைத் தவிர்க்கத்தான் நாம் உறையை ஒட்டிவிடுகிறோம். சலுகை பற்றிக் கேட்டீர்கள். மக்கெதோனியா சபைகள் உபத்திரவத்திலும் கொடிய தரித்திரத்திலும் இருந்தபோதே கொடுத்தன. அதே அதிகாரத்தில்தான், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:2, 12).

எளியவன்
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொய்க் கணக்கை மறுத்ததால் வேலை போயிற்று என்று ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னேன். அது உண்மையே. ஆனால் தாமதமாக வந்ததற்காக அதற்கு முன் இரண்டு முறை எச்சரிக்கப்பட்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

பதில் 4 – நேர்வழி
அப்படியானால் அந்த உறையில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது: ஒரு பங்கை முழுமை என்று காட்டியிருக்கிறீர்கள். கிறிஸ்தவனாயிருப்பதால் வரும் பாட்டையும் தன் குற்றத்தால் வரும் பாட்டையும் 1 பேதுரு 4:15-16 பிரித்தே பேசுகிறது. நீங்கள் மறுத்தது மெய்யான பாடு. தாமதத்தைச் சொன்னால் அது குறைந்துவிடாது.

எளியவன்
ஞாயிறு ஆராதனைக்கு முன்பே பொருளாளரைப் பார்க்கிறேன். சாட்சியைத் திருத்துவதுதான் கடினமாயிருக்கும். கேட்டவர்களில் சிலர் அழுதார்கள்.