மறு: இரும எண்களை (0, 1 மட்டுமே கொண்டு எழுதுபவை) அடுத்தடுத்து ஒட்டி எழுதுவதற்கு என்ன சொல்?

> 'சேர்ப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல்தானே?

எளிய சொல்தான் ஐயா, அதுதான் என் காலை வாரிவிட்டது. காட்பாடியில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். போன வாரம் "இருமத்தில் 1-ஐயும் 10-ஐயும் சேருங்கள்" என்றேன். பாதிப் பேர் 11 என்றார்கள், மீதிப் பேர் 110. இருமத்தில் 10 என்றால் இரண்டு. ஆகவே முன்னது கூட்டல், நம் வழக்கமான பதின்மத்தில் 3. பின்னதுதான் நான் கேட்டது, அதாவது 6. போதாததற்குக் கணங்களின் சேர்ப்பு, சேர்ப்புப் பண்பு என்று பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை.

'தொடுப்பு' வேண்டவே வேண்டாம். "அவருக்கு ஒரு தொடுப்பு இருக்கு" என்றால் என்ன பொருள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

'புணர்ச்சி' இலக்கணப்படி பொருத்தம்தான். பொன்மலை போல எதுவும் திரியாமல் கெடாமல் இயல்பாகப் புணர்கிறது. வகுப்பில் சொல்லிவிட்டுச் சிரிப்பலையை யார் அடக்குவது? ஆனால் அங்கிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: நிலைமொழி, வருமொழி போல நிலையெண், வருமெண். வருமெண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனை முறை நிலையெண்ணை இரட்டித்து, வருமெண்ணைக் கூட்ட வேண்டும். 1, 2, 3 என்று வரிசையாகப் போனால் 1, 6, 27, 220, 1765, 14126, 113015. 27-ஐ அடுத்து 4 வருகிறது. அது இருமத்தில் 100, மூன்று இலக்கம். ஆகவே 27 × 8 + 4 = 220. 7 வரை எட்டால் பெருக்கினால் போதும். 8 வந்ததும் நான்கு இலக்கம், பெருக்குவது பதினாறால்: 1808248.

செயலுக்கு என் பரிந்துரை 'கோத்தல்' (பேச்சில் கோர்த்தல்). வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூக்காரம்மா நாரில் கட்டும்போது கண்ணிக்குக் கண்ணி முடிச்சு விழும். ஊசியில் கோத்தால் முடிச்சே இல்லை, பூவோடு பூ ஒட்டி நிற்கும். 11011100 என்று எழுதிவிட்டால் ஓர் எண் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாதே, அது இந்த ஊசிச் சரம்தான்.

பெயர்ச்சொல்லில்தான் இடிக்கிறது. 'கோவை' பல்லுறுப்புக் கோவைக்குப் போய்விட்டது, 'கோப்பு' கணினிக்காரர்களிடம். 'கோவெண்' என்றால் அரசன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். 'இருமம் கோத்த தொடர்வரிசை' என்று அவிழ்த்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று: ஓர் எண்ணைத் தன்னோடு தானே கோத்தால் 3, 10, 15, 36, 45 என்று வரும் (10 என்பது 1010). 'அடுக்கெண்' என்று நாக்கில் வருகிறது, அடுக்கோ படிக்குறியாகிவிட்டது (2³-இல் மேலே நிற்கும் 3). 'இரட்டையெண்' இரட்டைப்படையோடு குழம்பும். இலக்கணம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.