மறு: கன்ஃபிகரில் வரும் ‘பிரிஃபிக்ஸ்’ – ‘அடிமனை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூலநிரலைத் தொகுத்து ஒரு மென்பொருளை நிறுவும் முன் கன்ஃபிகர் என்ற நிரலை ஓட்டுகிறோம். அந்த மென்பொருள் எந்த அடைவில் (கோப்புறையில்) அமைய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் விருப்பம்தான் பிரிஃபிக்ஸ். அதற்குத் தமிழில் ‘முன்னொட்டு’ போதும் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ‘பின்’, ‘லிப்’, ‘ஷேர்’ ஆகிய அடைவுப் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பாதைத்துண்டுதான் அது. ஆனால் அது நிரல் எழுதுபவரின் பார்வை. ஒரு வழங்கியை (சர்வரை) முதன்முறையாக மூலநிரலிலிருந்து நிறுவ உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடத்தில் ஒரே கேள்விதான்: இதை எங்கே வைப்பது? முன்னொட்டு என்றதும் அவருக்குப் பள்ளிக்கூட இலக்கணம்தான் நினைவுக்கு வரும்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாணவி ஒருவர் நாம் எழுதிவரும் நிறுவல் கையேட்டின் வரைவை வைத்துக்கொண்டு என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கியை நிறுவினார். வரைவில் பிரிஃபிக்ஸ், கோப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் டெஸ்ட்டிர் இரண்டுக்குமே ‘நிறுவுமிடம்’ என்று போட்டிருக்கிறோம். இப்போதைக்கு எங்காவது வைப்போம், அப்புறம் நகர்த்தலாம் என்று நினைத்து, தன் இல்ல (ஹோம்) அடைவுக்குள் ‘சோதனை’ என்று ஓர் அடைவு உருவாக்கி, அதையே பிரிஃபிக்ஸாகக் கொடுத்துவிட்டார். தொகுத்து முடித்ததும் மொத்தத்தையும் /ஆப்ட்/என்ஜின்எக்ஸுக்கு மாற்றினார். வழங்கியைக் கிளப்பினால், சோதனை அடைவின் பாதையைச் சொல்லி, அங்கே அமைப்புக் கோப்பு இல்லை என்று பிழைச்செய்தி. கோப்போ /ஆப்ட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரிய வி எழுத்தோடு ‘என்ஜின்எக்ஸ் -வி’ கொடுத்துப் பார்த்தோம். தொகுத்தபோது தந்த பழைய பாதை அப்படியே அதன் வயிற்றுக்குள் இருந்தது. கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. அந்தப் பெண் கையேட்டைச் சரியாகத்தான் படித்தார். தவறு நம் சொல்லில்.

பிரிஃபிக்ஸ் என்பது, ‘நான் குடியிருக்கப்போவது இங்கே’ என்று மென்பொருள் நம்பும் இடம். தொகுக்கும்போதே பல நிரல்களுக்குள் அது பதிந்துவிடும். டெஸ்ட்டிர் அப்படியில்லை. பொதி (பேக்கேஜ்) தயாரிப்பவர்கள், நிறுவும் கட்டளையான மேக் இன்ஸ்டாலின்போது கோப்புகளைக் கொஞ்ச நேரம் இறக்கிவைத்துப் பொதியாகக் கட்டுவதற்கான இடம். நிரலுக்குள் அது பதிவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது.

அதனால் பிரிஃபிக்ஸுக்கு ‘அடிமனை’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். புதிதாக உருவாக்கிய சொல் அல்ல இது. கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் அடிமனை வாடகை கட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேட்டால் அடிமனை உரிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். வீடு வேறு, அது நிற்கும் நிலம் வேறு என்ற வேறுபாடு இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நமக்கும் அதுதானே வேண்டும்? பின், லிப், ஷேர் எல்லாம் அறைகள். அவை நிற்கும் நிலம் அடிமனை. கட்டிய வீட்டைப் பெயர்த்து வேறு மனைக்குக் கொண்டுபோக முடியாது என்பதும் சொல்லாமலே புரிந்துவிடும். என்ஜின்எக்ஸைக் கிளப்பும்போது -பி கொடுத்து அடிமனையை மாற்றிச் சொல்ல வழி உண்டு, ஆனால் எல்லா மென்பொருளிலும் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மனை என்றால் வீடு, அப்படியானால் இல்ல அடைவோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். இன்றைய பேச்சில் மனை என்றால் வீடு கட்டுவதற்கான வெற்று நிலம்தான். ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்து யாரும் கட்டிய வீட்டை எதிர்பார்ப்பதில்லை. எல்லா அடைவுகளுக்கும் மேலான ‘/’ஐக் குறிக்கும் ‘வேர் அடைவு’ பழகிய சொல் என்பதால் அதோடும் இது மோதாது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. எங்கே நிறுவுவது என்ற முடிவையே இந்தச் சொல்லை வைத்து விளக்கிவிடலாம். /யுஎஸ்ஆர், வழங்கலின் (லினக்ஸ் டிஸ்ட்ரோவின்) பொதி மேலாளர் ஆளும் அடிமனை. அங்கே நாம் கையால் எதையும் வைக்கக்கூடாது. அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடலாம். /யுஎஸ்ஆர்/லோக்கல், அந்தக் கணினியின் நிர்வாகிக்கு ஒதுக்கியது. வழங்கல் அதைத் தொடாது. /ஆப்ட், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி மனை பிரித்துத் தரும் இடம். லினக்ஸில் எந்த அடைவு எதற்கு என்று வகுக்கும், 2015இல் வந்த கோப்பு முறைமைப் படிநிலைத் தரத்தின் 3.0 பதிப்பும் இப்படித்தான் பிரிக்கிறது. கன்ஃபிகரில் எதுவும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலானவை /யுஎஸ்ஆர்/லோக்கலுக்கே போகும். ஆனால் வழங்கிகளைப் பாருங்கள்: அப்பாச்சி அதற்குள் அப்பாச்சி2 என்றும், தரவுத்தள வழங்கியான போஸ்ட்கிரெஸ் பிஜிஎஸ்கியூஎல் என்றும், என்ஜின்எக்ஸ் தன் பெயரிலும் தனித்தனி அடிமனை போட்டுக்கொள்கின்றன. என் கருத்தில் அதுதான் நல்ல பழக்கம். பொதுவான பின்னுக்குள்ளும் லிப்புக்குள்ளும் கோப்புகள் கலந்துவிட்டால், நீக்கும்போது ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தனி அடிமனை என்றால் ஓர் அடைவை அழித்தால் போதும்.

இதனாலேயே தரவை அடிமனைக்குள் வைக்கக்கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் எடுத்துக்காட்டிலேயே தரவு அடைவு பிஜிஎஸ்கியூஎல்லுக்குள்தான் வருகிறது. பழைய பதிப்பை நீக்குகிறேன் என்று அந்த அடைவை அழித்தால் தரவுத்தளமும் சேர்ந்து போய்விடும். /வார் அல்லது /எஸ்ஆர்வியில் வைப்பது பாதுகாப்பு.

அடைவுப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை என்று நினைக்கிறேன். லோக்கலை ‘உள்ளூர்’ என்று எழுதினால் தட்டச்சு செய்பவர் திணறுவார்.

டெஸ்ட்டிருக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. ‘இறக்குமிடம்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன், பதிவிறக்கத்தோடு குழம்புகிறது. ‘இடைத்தங்கல்’ பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இடைத்தங்கல் முகாம்களில் வாழ்ந்தவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு கட்டளை விளக்கத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. ‘சுமைதாங்கி’ எனலாமா? தலைச்சுமையைச் சற்று இறக்கிவைத்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு நடக்க வழியோரம் நட்ட கல் அது. வேலையும் அதேதான். ‘டெஸ்ட்டிரில் சுமைதாங்கி அடைவைக் கொடுங்கள், அடிமனையை மாற்ற வேண்டாம்’ என்று எழுதினால் அந்த மாணவிக்குப் புரிந்திருக்கும்.

அடிமனை என்ற சொல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதே பொருளில் வழங்குகிறதா? அங்குள்ள நண்பர்கள் தெரிவித்தால், பார்த்துவிட்டு வரைவின் மூன்றாம் அத்தியாயத்தை மாற்றி அனுப்புகிறேன்.