பஜனைக் குழுவுக்குப் புது அகௌஸ்டிக் கிட்டார்: எதை எடுப்பது, எந்தக் கம்பி போடுவது? (அனுபவப் பகிர்வு)

ஃபீனிக்ஸ், டர்பன் (கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். கோயில் பஜனைக் குழுவுக்கு ஒரு அகௌஸ்டிக் கிட்டார் வாங்கப் போகிறோம். ஹார்மோனியம், தபேலாவோடு வாசிக்க வேண்டும். வாசிக்கப் போகிறவள் பதினாலு வயதுப் பெண், விரல் இன்னும் காய்த்துப் போகவில்லை. கடையில் எதையெல்லாம் பார்த்து எடுக்க வேண்டும்? கம்பி எந்த அளவு, எந்த உலோகம்? நம் பக்கம் கடல்காற்றில் கம்பி சீக்கிரம் கறுத்துவிடுகிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் (கிட்டார் பழுது பார்ப்பவர்)

வணக்கம் அண்ணா. கம்பியைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெட்டி. கடைக்குள் போனதும் ஓசைத் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேல்பலகையில் தெரியும் மரக்கோடு விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் அது ஒற்றைப் பலகை, அதாவது சாலிட் டாப். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் லாமினேட், பிளைவுட் மாதிரி ஒட்டினது. யமஹாவில் எஃப்ஜி800 சாலிட் ஸ்ப்ரூஸ் மேல்பலகை, எஃப்310 லாமினேட். சாலிட் வாசிக்க வாசிக்க நாதம் திறக்கும், ஆனால் ஈரத்துக்கும் வறட்சிக்கும் உடனே அசையும். லாமினேட்டில் நாதம் கொஞ்சம் மூடினாற்போல் இருக்கும், பலகை வெடிப்பது அபூர்வம். நம் தென்னாப்பிரிக்காவில் காலோ நிறுவனம் செய்த காலோடோன் கிட்டார்களுக்குள்ளே "வெடிக்காது என்பதற்கு உத்தரவாதம்" என்று லேபிளே ஒட்டியிருக்கும். 1957-இல் லிவர்பூலில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் கையில் இருந்தது அப்படிப்பட்ட காலோடோன் சாம்பியன்தான்.

கிட்டார் கோயில் ஹாலிலேயே கிடக்கும், ஆளாளுக்கு எடுப்பார்கள் என்றால் லாமினேட்டே போதும். ஒருவர் பொறுப்பில் உறைக்குள் இருக்கும் என்றால் சாலிட் டாப் எடுங்கள், பணத்துக்குப் பழுதில்லை.

அடுத்தது கழுத்து. கடையில் இதை யாரும் காட்ட மாட்டார்கள், நீங்களே பார்க்க வேண்டும். தடித்த ஈ கம்பியை (ஆறில் மிகத் தடித்தது) முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில், ஒரு விரலாலும் 14-ஆம் ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அமுக்குங்கள். நடுவில், 7-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு இலேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. துளியும் இடைவெளி இல்லையென்றாலும், கார்டு தாராளமாக ஆடினாலும் டிரஸ் ராடு, அதாவது கழுத்துக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் திருகு, திருப்ப வேண்டும். அது சின்ன வேலை, அதற்காக நல்ல பெட்டியை விட்டுவிடாதீர்கள்.

விட்டுவிட வேண்டியது வேறு. இரும்பு ஸ்கேலை வைத்து 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை அளங்கள். தடித்த ஈ 2.4 மில்லி, மெல்லிய ஈ 1.8 மில்லி வாக்கில் இருந்தால் பிள்ளைக்கு வலிக்காது. கடையில் பெரும்பாலும் 3 மில்லி இருக்கும். அது தப்பில்லை, பெட்டிமேல் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் கம்பி உட்காரும் மெல்லிய துண்டான சேடிலைத் தேய்த்து இறக்கலாம். 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லி இறங்க சேடிலில் ஒரு மில்லி தேய்க்க வேண்டும். அதனால் சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். 3 மில்லி நின்றால் கவலையில்லை. கம்பியும் 3.5 மில்லி உயரம், சேடிலும் ஒன்றரை மில்லிதான் நிற்கிறது என்றால் கழுத்தின் சாய்வே போய்விட்டது. அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும், அந்தக் கூலி இந்த விலைக் கிட்டாருக்கு மேலே போகும். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட ஆரம்பித்திருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மிக இலேசாகப் புடைத்திருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசியாக ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அமுக்கித் தட்டுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கிர்ரென்று உரசினால் அந்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

சாட்ஸ்வொர்த் அண்ணன் சொன்ன அளவெல்லாம் டர்பன் காற்றில் எடுத்தது என்பதை மறக்கக் கூடாது. அங்கே வாங்கி இங்கே சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் கிட்டார்கள் ஜூன், ஜூலையில் என்ன ஆகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் மழையே கிடையாது. பலகை ஈரத்தை விட்டுச் சுருங்கும். முதலில் ஃப்ரெட் கம்பிகளின் முனை கழுத்தோரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும், ஏனென்றால் மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. பிறகு மேல்பலகை பள்ளமாகும், கம்பி இறங்கி உரசும். அப்போது சேடிலை உயர்த்தினால் மழைக்காலத்தில் மறுபடி தொல்லை. ஈரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், பல கிட்டார் தானே எழும்பும். கவனிக்காமல் விட்டால் பிரிட்ஜுக்கும் வாலுக்கும் நடுவிலோ ஃப்ரெட் பதித்த ஃபிங்கர்போர்டு ஓரமாகவோ பலகை வெடிக்கும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கும் கருவி உறைக்குள்ளே இருக்கட்டும், அறைச் சுவரில் மாட்டினால் பிரயோஜனமில்லை. வீட்டிலேயே செய்ய: மூடியுள்ள சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, உறையில் கழுத்தின் தலைப்பக்கம் வையுங்கள். ஒரு சொட்டும் கிட்டார் மேல் விழக் கூடாது.

டர்பன்காரர்கள் இதைச் செய்யாதீர்கள், உங்களுக்கு நேர் எதிர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பலகை ஈரத்தைக் குடித்துப் புடைக்கும், கம்பி உயரும், பசை இளகும். கெட்டி உறையை மூடியே வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணி போடுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானால் அடுப்பு அவனில் 120 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் போடலாம். கையைச் சுருக்காமல் செலவழிக்க முடிந்தால், ஈரத்தைக் கொடுக்கவும் எடுக்கவும் செய்யும் 49 சதவீதப் பொட்டலம் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

டோங்காட் (மேடையில் வாசிப்பவர்)

கம்பிக்கு வருகிறேன். கடையில் மாட்டியிருக்கும் கம்பியைக் கேட்டு நாதத்தை எடைபோடாதீர்கள். அது மாதக்கணக்கில் பல கை பட்டு மங்கிப் போயிருக்கும். இரண்டு கிட்டாரில் ஒன்று மந்தமாகக் கேட்டால் பெட்டி மந்தமா கம்பி மந்தமா என்று அந்த இடத்தில் சொல்லவே முடியாது. புதுக் கம்பி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், கம்பி விலையை நீங்கள் கொடுத்துவிடலாம்.

உலோகம் இரண்டு வகை. 80/20 என்று போட்டிருப்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயர்தான் பிரான்ஸ், உண்மையில் பித்தளை. முதல் வாரம் பளீரென்று ஒலிக்கும், நம் கடலோரத்தில் வேகமாக மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்பும் சுமார் 8 சதவீதம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும். 1974-இல் டடாரியோ கொண்டுவந்தது. நாதம் கொஞ்சம் கனிந்தது, நாள்பட நிற்கும். பஜனைக்கு இதுதான். ஹார்மோனியம் ஏற்கெனவே மேல்ஸ்தாயி பளபளப்பைக் கொடுக்கிறது, கிட்டார் அடியில் நிறைக்க வேண்டும்.

டர்பனிலிருந்து டோங்காட் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் மேல்பூச்சு உள்ள கம்பி, அதாவது கோட்டட் ஸ்ட்ரிங், வாங்குங்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், ஆனால் சாதாரணக் கம்பி மூன்று வாரத்தில் கறுக்கிற இடத்தில் இது மாதங்கள் தாங்கும். பெரும்பாலும் சுற்றுக் கம்பிகளில்தான் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகள்) பூச்சின் பலன் முழுதாகக் கிடைக்கும், சுற்று இல்லாத மெல்லிய இரண்டு வெறுங்கம்பியில் துரு புள்ளி வந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். பிக் (மீட்டும் வில்லை) படும் இடத்தில் பூச்சு நூல்நூலாக உரிந்தால் கம்பியின் ஆயுள் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், நாதம் நன்றாயிருக்கும்வரை வாசிக்கலாம். லெனேசியாக்காரர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

கோயிலில் இன்னொன்று. விபூதி, குங்குமம், விளக்கு எண்ணெய் பட்ட விரலோடு நேரே கிட்டாரைத் தொடுகிறார்கள். சுற்றுக் கம்பியின் இடுக்கில் அந்தப் பொடி எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது, பிறகு துடைத்தாலும் வராது. நகத்தால் கம்பி அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், சிவப்பாகவே வரும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு எடுக்கட்டும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியைக் கம்பிக்குக் கீழே விட்டுச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் ஒரு இழுப்பு.

அளவு: தொழிற்சாலையில் பெரிய பெட்டிக்கு மாட்டுவது 12-53, அதாவது மெல்லிய ஈ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, தடித்த ஈ 53 பங்கு. ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிள்ளைக்கு 11-52 போடுங்கள். முதல் கம்பியின் இழுப்பு மட்டும் சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும், விரலுக்கு உடனே தெரியும். 10-47 இன்னும் மெத்து, ஆனால் தபேலாவுக்கு முன்னால் கேட்காது. 13-56-ஐ உற்பத்தியாளர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் (கிட்டார் பழுது பார்ப்பவர்)

டோங்காட் தம்பி சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். 12-இலிருந்து 11-க்கு இறங்கினால் இழுப்பு குறைந்து கழுத்து நேராகிவிடும், முதல் நாலு ஃப்ரெட்டில் உரசலாம். கம்பி கெட்டது என்று திருப்பிக் கொண்டுபோகிறார்கள். டிரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்தி, ஒரு இரவு விட்டுவிட்டு மறுபடி கார்டு வைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருகு முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்தி ஆளிடம் காட்டுங்கள்.

நைலான் கம்பி போடும் கிளாசிகல் கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. அந்தப் பெட்டி 40 கிலோ இழுப்புக்குக் கட்டினது. பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து வரும். விரல் வலிக்கு வழி அதுவல்ல, சேடிலை இறக்குவதுதான்.

மாரிட்ஸ்பர்க்

கம்பி மாற்றுவதில் நடக்கும் தப்புகளைச் சொல்கிறேன். பழைய கம்பியை முறுக்கோடு வெட்டாதீர்கள், தளர்த்திவிட்டு வெட்டுங்கள். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்து கெட்டுவிடும் என்பது வீண் பயம், ஃபிங்கர்போர்டைத் துடைக்க அதுதான் சமயம்.

புதுக் கம்பியின் குண்டு முனையைச் சற்று வளைத்துப் பிரிட்ஜ் துளையில் விடுங்கள். அதை அடைக்கும் பிரிட்ஜ் ஆணியின் பள்ளம் ஓசைத் துளையைப் பார்க்க வேண்டும். ஆணியை அமுக்கிக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள், குண்டு உள்ளே பலகைத் தகட்டில் ‘டக்’ என்று உட்காரும். குண்டு ஆணியின் நுனியில் மாட்டிக்கொண்டால் சுருதி ஏற்றும்போது ஆணி எகிறும். கண்ணாடியும் ஃபோன் விளக்கும் வைத்து ஓசைத் துளை வழியே பார்த்தால் தெரியும்.

பிருடைத் தண்டுக்கு (சுருதி சேர்க்கும் திருகின் தண்டு) அப்பால் 5 சென்டிமீட்டர் விட்டுச் சுற்றுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு, மூன்று சுற்று, மெல்லியதற்கு நாலு, ஐந்து, ஒவ்வொன்றும் முந்தினதற்குக் கீழே. சுற்றுக் கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியை விட்டு நழுவி, நாதம் செத்துப் போகும். சுருதி சேர்த்தபின் 12-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பியை இலேசாகத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள், இறங்காமல் நிற்கும்வரை.

மௌண்ட் எட்ஜ்கோம்

பஜனை என்றதால் சுருதி விஷயம். பழைய ஹார்மோனியம் பலதும் 440-இல் இருக்காது. அதன் 6 கட்டையை, அதாவது ஏ சுரத்தை, பிடித்துக்கொண்டு டியூனர் ஆப்பில் பாருங்கள். 443 காட்டினால் டியூனரையே 443-க்கு மாற்றிக் கிட்டாரைச் சேருங்கள். ஹார்மோனியத்தின் ரீடைச் சுரண்டப் போக வேண்டாம்.

கட்டைக்குக் கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்): 5½ கட்டைக்கு ஜி பிடியில் கேப்போ முதல் ஃப்ரெட், 6-க்கு இரண்டாவது. 1½ கட்டைக்கு சி பிடியில் முதல் ஃப்ரெட். 2½-க்கு டி பிடியில் முதல் ஃப்ரெட். 4½-க்கு ஈ பிடியில் இரண்டாவது. கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் போடுங்கள், நடுவில் போட்டால் சுருதி ஏறும். போட்டபின் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

நாமாவளிக்குத் தம்புரா மாதிரி மீட்ட வேண்டுமென்றால் ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். டி-ஏ-டி-ஜி-ஏ-டி, அதாவது ஸ-ப-ஸ-ம-ப-ஸ ஆகிவிடும். மத்தியமம் வராத ராகத்தில் அந்த ஜி கம்பியைத் தவிர்த்துவிடலாம். ஆனால் இப்படி இறக்கினால் 11-52 தொளதொளவென்று உரசும். அந்தப் பழக்கம் வந்தபின் 12-53-க்கு ஏறச் சொல்லுங்கள், அதற்குள் விரலும் பழகியிருக்கும்.

ஃபீனிக்ஸ், டர்பன் (கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. சாலிட் டாப், பாஸ்பர் பிரான்ஸ் கோட்டட் 11-52 என்று முடிவு. தைப்பூசத்துக்குக் காரில் எடுத்துப் போக வேண்டியிருக்கும், அதில் எதாவது கவனிக்கணுமா?

சாட்ஸ்வொர்த் (கிட்டார் பழுது பார்ப்பவர்)

ஜனவரி, பிப்ரவரி வெயிலில் பூட்டிய டிக்கிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் தூக்குவது அதிகமும் அங்கேதான் நடக்கிறது. ஆள் உட்காரும் இடத்தில், உறையோடு, ஜன்னல் வெயில் படாமல் வையுங்கள். கோயில் வாசலில் காத்திருக்கும்போது கையோடு எடுத்துக்கொள்ளட்டும். ஏசி காரிலிருந்து இறக்கினவுடன் உறையைத் திறக்காமல் இருபது நிமிஷம் விட்டுவிட்டுச் சுருதி சேர்த்தால் பாட்டு நடுவில் இறங்காது.