1993 கிரிம்லாக்: சாம்பலா, கருநீலமா, மயில் நீலமா?

கோவை_ரோபோ கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 2021-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை, ஸ்டுடியோ சீரிஸ் 86 வரிசை கிரிம்லாக் என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து பழைய டைனோபாட்கள் (கிரிம்லாக் போல டைனோசராக மாறும் ரோபோக்கள்) மேல்தான் மனசு. இப்போது வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 1993 ஜெனரேஷன் 2 வரிசை கிரிம்லாக் சாம்பல், கருநீலம், மயில் நீலம் என்று மூன்று நிறத்திலும் இருக்கிறது. மூன்றுக்கும் பெட்டி இல்லை. சாம்பலுக்குத்தான் அதிக விலை சொல்கிறார்.

ஒன்றுதான் வாங்க முடியும். உடன் சேகரிப்பவர்கள் சாம்பலை எடு என்கிறார்கள். எனக்கோ படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த மயில் நீலம் கண்ணை விட்டுப் போகவில்லை. இதுவரை பழைய பொம்மை எதையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பதால் மூன்று கேள்விகள்: எந்த நிறம்? டூப்ளிகேட்டா என்று படத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? கோவைக்கு வரவழைத்தால் வரி எவ்வளவு ஆகும்?

வெள்ளிப்பல்லி:

சாம்பல். யோசிக்கவே வேண்டாம். கிரிம்லாக் என்றாலே சாம்பலும் தங்கமும்தான். நாளைக்கு விற்க நினைத்தாலும் அதற்குத்தான் ஆள் வருவார்கள். நீலத்தை விற்பனையாளரிடமே விட்டுவிடுங்கள்.

கிள்ளான்_டைனோ:

தம்பி, வெள்ளிப்பல்லி சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சாம்பல் வேண்டுமென்றால் 1985-ல் வந்த முதல் கிரிம்லாக்கையே தேடி வாங்குங்கள். அந்த நிறத்துக்கு அதுதான் சொந்த வீடு. 1993-ல் வந்ததைச் சாம்பலில் வாங்கினால் அலமாரியில் நிற்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மார்பில் இருக்கும் ஆட்டோபாட் (நல்ல ரோபோக்கள் அணி) சின்னம் மாறியிருக்கும், அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மயில் நீலம் அப்படியில்லை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும்.

இந்த நிறங்களை வேடிக்கைக்குச் செய்தது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பிளாஸ்டிக் பொம்மை செய்வதில் பெரிய செலவு எஃகு அச்சுக்குத்தான். டைனோபாட் அச்சுகள், அவற்றை அமெரிக்காவில் விற்ற ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காகப் பிறந்தவையே அல்ல. ஜப்பானில் டகாரா கம்பெனி டயக்ளோன் வரிசைக்காகச் செய்தவை. அதில் ரோபோவை ஓட்டுவதற்குக் காலில் காந்தம் வைத்த குட்டி மனிதர்கள் உண்டு. கிரிம்லாக்குக்குள் ஓட்டுநர் அறை இருப்பது அவர்களுக்காகத்தான். அமெரிக்கப் பெட்டியில் ஓட்டுநர் போய்விட்டார், இருக்கை மட்டும் தங்கிவிட்டது. 1993-ல் வரிசையை மறுபடி தொடங்கியபோது அதே அச்சை எடுத்து வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றினார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளைகள் போட்ட டி-ஷர்ட்டும் ஷூவும் எந்த நிறத்தில் இருந்தனவோ அதே நிறம். ஆகவே மயில் நீலம் அந்த வருடத்தின் உண்மையான நிறம். கடைக்குப் போன பிள்ளைக்குக் கிடைத்த கிரிம்லாக்குகளில் அதுவும் ஒன்று.

அந்த வரிசையில் கிரிம்லாக், ஸ்லாக், ஸ்னார்ல் என்று மூன்று டைனோபாட்கள்தான் வந்தன. மற்ற இருவரான ஸ்லட்ஜும் ஸ்வூப்பும் வரவில்லை. ஸ்லாக், ஸ்னார்ல் இரண்டுக்கும் சிவப்பும் பச்சையும் உண்டு. என் அலமாரியில் பச்சை ஸ்லாக்கும் சிவப்பு ஸ்னார்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. பொங்கலுக்கு வந்த என் அக்கா பேத்தி சாம்பல் பொம்மைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அவற்றிடம் போனாள்.

ஸ்வூப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "சரியான நிறம்" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். கடையில் விற்ற ஸ்வூப்புக்கு மார்பு சிவப்பு. டிவி கார்ட்டூனிலும் மார்வெல் காமிக்ஸிலும் அதே ஸ்வூப்புக்கு மார்பு நீலம். டயக்ளோன் பொம்மையின் நிறத்தைப் பார்த்து வரைந்ததால் வந்தது அது. 1985-ல் டிவியில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன எல்லாப் பிள்ளைகளுமே வேறு நிற ஸ்வூப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எது அசல் நிறம் என்று யார் சொல்வது? இன்றைக்கு அந்த நீல மார்பு டயக்ளோனுக்காகச் சேகரிப்பவர்கள் தவம் கிடக்கிறார்கள்.

சரி, வாங்கும் முன் பார்க்க வேண்டியது. டைனோசர் உருவில் ஒரு படம், ரோபோ உருவில் ஒரு படம், இரண்டையும் புதிதாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிரிம்லாக்கின் வால் இரண்டாகப் பிரிந்து ரோபோவின் கால்களாகும், டைனோசரின் தடித்த கால்கள் கைகளாகும். பழைய பொம்மையில் முதலில் தளர்வது இந்த மூட்டுகள்தான். எதிலும் சாய்த்து வைக்காமல் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். (வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நிற்கும் அந்தப் பழைய டைரனோசரஸ் நிலை எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போதைய அருங்காட்சியகங்கள் உடலைக் கிடைமட்டமாக வைத்துத்தான் காட்டுகின்றன.)

அப்புறம் ஹாஸ்ப்ரோ, டகாரா பெயர் பொறித்த இடத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பொறிப்பு இல்லை என்றால் உடனே விலகிவிடுங்கள். இருப்பதாலேயே அசல் என்றும் முடிவு செய்யாதீர்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, குரோம் பாகங்கள் ஒரே சீராக மின்னுகின்றனவா, ஸ்டிக்கர் வெட்டு நேராக இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். முப்பது வருடத்துப் பொம்மையில் எங்காவது ஓர் ஓரம் தேய்ந்திருக்கும். எல்லாமே கண்ணாடி போலப் புதிதாக இருந்தால் இன்னும் நாலு படம் கேட்பேன்.

ஒரு எச்சரிக்கை. குரோம் என்பது பிளாஸ்டிக் மேல் வெற்றிடத்தில் படிய வைத்த மெல்லிய உலோகப் பூச்சு. போனால் போனதுதான். ஸ்பிரிட், ப்ளீச் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். மஞ்சள் ஏறிய சாம்பல் பிளாஸ்டிக்கை வெளுக்க பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கும் முறையை வண்ணப் பொம்மையில் செய்யவே செய்யாதீர்கள். நிறம் திட்டுத் திட்டாக வெளுத்துப் போகும்.

வெள்ளிப்பல்லி:

ஸ்வூப் விஷயத்தில் வாயடைத்துவிட்டீர்கள் அண்ணே. ஆனாலும் என் ஓட்டு சாம்பலுக்குத்தான்.

பாரிமுனை_பார்சல்:

வரி பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் பொம்மைக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனது, 2023-ல் 70 ஆனது. இதற்கு மேல் ஜிஎஸ்டி போன்றவை வேறு. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ தரமுத்திரைக் கட்டாயமும் இருக்கிறது, அதைக் காட்டி பார்சலை நிறுத்தி வைப்பதும் நடக்கிறது. அனுப்பும் முன்பே கூரியரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள், பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும். ஊருக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் பெட்டியில் வருவதே நிம்மதி.

கோவை_ரோபோ:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்கு வருகிறான். அவன் முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். மயில் நீலம்தான்.

கிள்ளான் அண்ணா, நீங்கள் சொன்னபடி புதுப் படங்கள் கேட்டு வாங்கினேன். பொறிப்பு தெளிவாக இருக்கிறது, தானாக நிற்கிறது. வாள் இருக்கிறது, ஆனால் ராக்கெட் லாஞ்சர் இல்லை. தனியாகக் கிடைக்குமா?

கிள்ளான்_டைனோ:

நல்ல முடிவு தம்பி. லாஞ்சர் தனியாகக் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம். உடைந்த கிரிம்லாக்குகளைப் பாகம் பாகமாக விற்பவர்களிடம் கேளுங்கள். சமீபத்தில் வார்த்த மாற்றுப் பாகங்களும் சுற்றுகின்றன, விலை குறைவு. அலமாரிக்கு அது போதும், ஆனால் என்றாவது விற்கும்போது மாற்று என்று சொல்லி விற்க வேண்டும். ராக்கெட்டுகள் சேர்ந்து வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள், தொலைவது எப்போதும் அவைதான்.

சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது வாளைக் கழற்றித் தனி உறையில் வைத்து, பொம்மையை மென்மையான துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். குமிழ்ப் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் நாள்பட ஒட்டிக்கொண்டு மேற்பரப்பில் தடம் விழும். வந்து சேர்ந்ததும் வெயில் படாத தட்டில் வையுங்கள். படம் போடுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்தது.