காலையில் முதல் அடியிலேயே குதிகால் வலி: பிசியோதெரபி போதுமா?

கேள்வி:
எழுந்ததும் நாலைந்து அடிக்குக் குதிகாலை ஊன்றவே முடியவில்லை. நடக்க நடக்கக் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறதாம். பயிற்சியால் சரியாகுமா?

பதில் 1:
முள்ளை நினைத்துப் பயப்படாதீர்கள், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். உங்கள் அறிகுறி பிளாண்டர் ஃபேசியாவில், அதாவது குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டையில், கோளாறு என்பதைத்தான் காட்டுகிறது. குதிகாலின் அடியில், உள்பக்க ஓரத்தை அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். கட்டிலை விட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மறு காலின்மேல் போட்டு, கால்விரல்களை மேல்நோக்கி, முழங்கால் பக்கமாக இழுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தொட்டால் நாண் போல விறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இழுப்பு போதவில்லை. 10 விநாடி, 10 முறை, தினம் 3 வேளை.

பதில் 2:
நீட்டுவதோடு விட்டுவிடாதீர்கள், பலமும் ஏற்ற வேண்டும். படி விளிம்பில், சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கடியில் வைத்து, ஒற்றைக்காலில் 3 விநாடி குதிகாலைத் தூக்கி எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 2 வாரம் கழித்து முதுகுப்பையில் எடை சேர்த்து 10 முறை, 4 சுற்று. அவசரமாக ஏறி இறங்கினால் பலனில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள், பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பதில் 3:
குதிகாலை இருபக்கமும் சேர்த்து அமுக்கினால் வலிக்கிறதா? எலும்பு விரிசலாக இருக்கலாம். மரத்துப்போய் எரிந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் பயிற்சிக்கு முன் மருத்துவர்தான்.