மழைமானியில் பெய்த மழை

பேரையூர்க்காரர்:
மழைமானியில் பதிவாகும் மழை குறைந்தால் இழப்பீடு தரும் மழைக் காப்பீட்டைப் பற்றி இங்கே பேச்சு எழுந்ததிலிருந்து அந்த ஒரு மாலை மனத்தைவிட்டு அகலவில்லை. நான்கு ஏக்கர் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம். கதிர் பிடிக்கும் பருவத்தில் 23 நாட்களாக வானம் பொய்த்திருந்தது. வரப்பில் நின்றபோது கிழக்கே, மழைமானி இருக்கும் ஊரின் மேல், மழை திரையாக இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மண்வாசனை மட்டும் என் காட்டுக்கு வந்தது. ஒரு துளியும் விழவில்லை. பின்னர் இழப்பீடு கேட்டுச் சென்றபோது அலுவலர் தாளை என் பக்கம் திருப்பி, "ஐயா, அன்று உங்களுக்கு 31 மில்லிமீட்டர் பெய்திருக்கிறதே" என்றார். அந்த 'உங்களுக்கு' இன்னும் உறுத்துகிறது.

திருமங்கலம் பருத்தி:
வருத்தம் நியாயமானது, ஆனால் முறையே தவறு என்பதுபோல் எழுதுவதை ஏற்க இயலவில்லை. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்த 2016-இல், என் பருத்தி கிணற்றுத் தண்ணீரால் பாதிக்குமேல் தப்பிவிட்டது. ஆயினும் வயலை எவரும் பார்க்காமலே பணம் கணக்கில் சேர்ந்தது, ஏனெனில் ஒப்பந்தம் மழைமானியோடுதான், வயலோடு அன்று. காப்பீடு செய்யாமல் முழுதும் கருகக் கொடுத்த பக்கத்துக் காட்டுக்காரர் என் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உசிலம்பட்டி, ஓய்வுபெற்ற சங்கச் செயலர்:
காப்பீட்டில் சேரும் கடைசி நாள் கடந்த மறுநாள், பயிர் விவரம் காட்டும் அடங்கலோடு வந்து நின்ற ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இருவரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வேறு. அதில் சில வயல்களில் அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் அந்தப் பகுதியின் மகசூலைக் கணக்கிடுகிறார்கள். விவசாயி கட்டும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரிஃப் (தென்மேற்குப் பருவ) பயிருக்கு 2, ரபி (குளிர்காலப்) பயிருக்கு 1.5, வணிக மற்றும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 விழுக்காடு. 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் கட்டாயமில்லை. நீங்கள் இருவரும் சொல்லும் மழைமானிக் காப்பீட்டிலோ, கையெழுத்திடுமுன் மழைமானி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, கணக்கு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, ஒரே நாளில் கொட்டும் மழை முழுவதும் கணக்கில் சேருமா, அதிக மழைக்கும் இழப்பீடு உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்காமல் வாங்கிவிட்டுப் பின்னர் புலம்புவதில் பொருளில்லை.

மேலூர் மருமகள்:
செயலர் ஐயா, நீங்கள் சொன்ன கடைசிக் கேள்வியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். வறட்சிக்கு மட்டும் காப்பீடு. அறுவடைக்கு முந்தைய வாரம் அடைமழை பெய்து, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அந்த முளையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மழைக் காப்பீடு என்றுதானே சொன்னார்கள்?" என்று மாமியார் கேட்டார்கள். படித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். அவர்கள் கைநாட்டு வைத்த பதினோரு பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது.