தாத்தா வண்டியும் பிள்ளையார் நின்ற இடமும்

குழு: சுவாமிமலை வீடு
மே 11, ஞாயிறு

நான் (காலை 9:12): தாத்தாவின் மாருதி 800-ஐ இன்று திறந்தேன். மூன்று வருடமாக வாசலில் மேற்கே பார்த்தபடி நின்ற வண்டி. புது பேட்டரி போட்டதும் முனகிக்கொண்டே ஸ்டார்ட் ஆகிவிட்டது. உள்ளேதான் பார்க்கச் சகிக்கவில்லை.
[4 படங்கள்]

பாபநாசம் அத்தை (9:15): என்னடா இது, டேஷ்போர்டுக்குத் திருநீறு பூசின மாதிரி இருக்கிறதே!

நான் (9:17): திருநீறேதான் அத்தை. துணியால் துடைத்தால் பொடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈரம் இருக்கும்வரை பழைய நிறம், காய்ந்ததும் மறுபடி வெள்ளை. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டு இன்னும் மோசம். சும்மா கை வைத்தேன், மூலை அப்பளமாக நொறுங்கிவிட்டது.

பாபநாசம் அத்தை (9:18): தேங்காய் எண்ணெய் ஒரு கை தடவிவிடு. உங்கள் மாமா ஸ்கூட்டருக்கு அப்படித்தான் செய்வார்.

திருவாரூர் சித்தப்பா (9:21): எண்ணெய் எல்லாம் வேண்டாம். கொஞ்சம் தின்னர் போட்டுத் துடை, அழுக்கு ஓடிப்போய்விடும்.

மன்னார்குடி மாமா (9:22): தின்னரைத் தொடாதே!!

மன்னார்குடி மாமா (9:26): கராஜில் எத்தனை டேஷ்போர்டு அப்படி இளகிப் பிசினாகி வந்திருக்கிறது தெரியுமா. எண்ணெயும் வேண்டாம் அக்கா. இரண்டு நாள் மினுமினுக்கும், மூன்றாம் நாள் தெருப் புழுதி முழுக்க அதில்தான் இருக்கும். வெயிலில் சிக்கு நாற்றம் வேறு.

அம்மா (9:27): [இனிய காலை வணக்கம்]

நான் (9:30): அப்படியானால் என்னதான் செய்வது மாமா?

மன்னார்குடி மாமா (9:38): முதலில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள். ரெக்ஸின் மாதிரி மெத்தென்று இருக்கும் இடமெல்லாம் பிவிசி. அது வளைந்து கொடுக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். கத்திரி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் டேஷ்போர்டு 70 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மிச்சம் காய்ந்த தோல்தான், விரிசல் விடாமல் என்ன செய்யும்? முன் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்.

நான் (9:41): இழுத்தேன். பிசுபிசு என்று இருக்கிறது. கோடு போட்ட இடம் மட்டும் பளிச்.

மன்னார்குடி மாமா (9:42): வெளியேறியதில் கொஞ்சம் அங்கேதான் படிந்திருக்கிறது. ராத்திரி எதிரே லாரி வந்தால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவிக் கண்ணைக் கட்டும்.

நான் (9:43): மாமா! தாத்தா இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்? கண்புரை என்று ஆபரேஷனே செய்துவிட்டோம்.

அப்பா (9:45): புரையும் இருந்தது. டாக்டர் காட்டினார். கண்ணாடியை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தாத்தா (9:52): [குரல் செய்தி 0:04]

நான் (9:53): கேட்காதவர்களுக்கு: "அன்றைக்கே சொன்னேன்."

திருவாரூர் சித்தப்பா (9:55): 😂😂

நான் (10:04): பின் தட்டு மட்டும் ஏன் மாமா இப்படி நொறுங்குகிறது?

மன்னார்குடி மாமா (10:11): முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அது நிறுத்திவிடும், சூட்டைத்தான் விட்டுவிடும். பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒற்றைக் கண்ணாடி, கதிர் நிறையவே உள்ளே வரும். பின் தட்டு நாள் முழுக்க மல்லாந்து படுத்து வெயில் காய்கிறதே! அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளைவுட்டில் அதே அளவுக்கு வெட்டி ரெக்ஸின் சுற்று.

சென்னை தம்பி (10:13): கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே அண்ணா?

அப்பா (10:14): 2012-லேயே உச்ச நீதிமன்றம் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. நீ ஒட்டு, அபராதத்தை நான் கட்டுகிறேன்.

சென்னை தம்பி (10:16): சரி சரி. சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்? யூடியூபில் வெளுத்த பம்பர் புதுசு மாதிரி ஆகிறது.

மன்னார்குடி மாமா (10:20): ஆகும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் மறுபடி வெளுக்கும். கை ஒரு நொடி நின்றால் பிளாஸ்டிக் குழிந்துவிடும். வீட்டுக்குள் அந்த வேலை வேண்டாம்.

நான் (11:35): கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேட் ஒன்றைக் கழற்றினேன். கிளிப் மூன்று டக் டக்கென்று உடைந்தது. உள்ளே அட்டை ஈரத்தில் ஊதி, மேல் விளிம்பில் ரெக்ஸின் சுருண்டு நிற்கிறது.

மன்னார்குடி மாமா (11:40): கிளிப் உடையத்தான் செய்யும், ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள். நான்கு பேடையும் கழற்றிக் கும்பகோணத்தில் குஷன் கடையில் கொடு. பழைய அட்டையை அளவு பார்க்க வைத்துக்கொண்டு புதிதாக வெட்டித் தருவார்கள். டேஷ்போர்டைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டு, தண்ணீர் பதத்தில் வரும் டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக்குக்குப் பூசும் பூச்சு) மெல்லிசாகப் பூசு. பளபளப்பு வேண்டாம், கண்ணாடியில் அடிக்கும். சிலிகான் சரக்கு பூசினால் பின்னால் பெயின்ட் அடிக்க நினைத்தாலும் ஒட்டாது. விரிசல் விட்ட இடம் எதைப் பூசினாலும் சேராது, அதற்கு மேலே கவர்தான்.

திருவாரூர் சித்தப்பா (11:44): என் புது வண்டிக்கும் அப்படியே ஒரு ரெக்ஸின் கவர் போட்டுக்கொள்ளவா?

மன்னார்குடி மாமா (11:45): உன்னுடையதில் இடது பக்கம் ஏர்பேக் இருக்கிறது மச்சான். அதை மூடித் தைத்தால் விபத்தில் விரியாது. இந்த 800-ல் அது இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நான் (மாலை 4:50): குஷன் கடைக்குப் போய்வந்தேன். நான்கு பேடும் பின் தட்டும் சேர்த்து 2,600 கேட்கிறார். ஆனால் என்ன கலர் என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாமே வெளுத்துவிட்டதே.

அம்மா (4:53): பிள்ளையாரைப் பெயர்த்துப் பாரேன்.

நான் (5:10): [படம்]
அம்மா!! டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நூல் விட்டு அறுத்து எடுத்தேன். அடியில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், கரும்சாம்பல். வண்டி எடுத்த அன்று இருந்த நிறம். சுற்றிலும் இருபது வருட வெயில், அந்த வட்டத்தில் மட்டும் ஒரு நாள்கூட இல்லை.

பாபநாசம் அத்தை (5:12): 🙏🙏

தாத்தா (5:20): [குரல் செய்தி 0:09]

நான் (5:21): "பிள்ளையாரை யாரைக் கேட்டு எடுத்தாய்? அதே இடத்தில் வை."

அப்பா (5:30): வைக்கலாம். வண்டியை எங்கே விடப்போகிறாய் என்று முதலில் சொல். மறுபடி வாசலில் மேற்கே பார்த்து நிறுத்தினால் 2,600-ம் வெயிலுக்குத்தான். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் அப்புறம் எனக்கு வயலே சரியாக இருக்கும், அதற்குள் முடித்துக்கொள்.

நான் (6:05): மாட்டுக் கொட்டகையில் பாதி இடம் காலிதானே, கீற்று நிழல். முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித் தாள் மறைப்பும் வைத்துவிட்டேன்.

மன்னார்குடி மாமா (6:08): நல்லது. எலி வயரைக் கடிக்கும், வாரம் இரண்டு முறையாவது ஸ்டார்ட் செய்.

அம்மா (6:40): [படம்]
எலி இருக்கட்டும். கன்றுக்குட்டி சைடு கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கிறது, வந்து பார்.